சான்றிதழ் ஒன்று, தணிக்கை நாள் பதினெட்டு: ஐஎஸ்ஓ 14001-இன் வரவு செலவு

தொழிற்சாலைக் கழிவை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு 1996-ஆம் ஆண்டில் மூன்று இடங்களிலிருந்து மூன்று விடைகள் வந்தன.

ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்ஜிஆர் ஆகிய ஐந்து மாவட்டங்களின் 900-க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாயிற்று. அடுத்த மாதம் ஜெனீவாவில் ஐஎஸ்ஓ 14001-இன் முதல் பதிப்பு வெளிவந்தது: நிறுவனம் தானாக முன்வந்து ஒரு சுற்றுச்சூழல் மேலாண்மை முறைமையை அமைத்துக்கொள்ளும், வெளியார் ஒருவர் வந்து தணிக்கை செய்து சான்றிதழ் தருவார். அதே 1996-இல் குஜராத் உயர் நீதிமன்ற ஆணையால் அங்கே தொழிற்சாலைகளுக்குத் தனியார் சுற்றுச்சூழல் தணிக்கை கட்டாயமானது.

அபராதம், விருப்பச் சான்றிதழ், கட்டாயத் தணிக்கை. முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது இரண்டாவதுதான். அந்தச் சான்றிதழ் எத்தனை பேரிடம் இருக்கிறது, அதற்கு மேலே எத்தனை அடுக்கு இருக்கிறது, அதற்கு எத்தனை நாள் உழைப்பு போகிறது, எவ்வளவு ரூபாய் ஆகிறது என்ற நான்கு கணக்குகளைப் போட்டுவிட்டு, அந்தப் பணத்தை யார் தருகிறார் என்பதையும் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் கணக்கு: எத்தனை சான்றிதழ்

ஐஎஸ்ஓ அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பின்படி உலகில் செல்லுபடியாகும் 14001 சான்றிதழ்கள்:

2017: 3,62,610
2018: 3,07,059
2019: 3,12,580
2020: 3,48,473
2021: 4,20,433
2022: 5,29,853
2023: 3,00,410

மேலோட்டமாகப் பார்த்தால் 2022-இல் 26% வளர்ச்சி, மறு ஆண்டே 43% வீழ்ச்சி. ஒரே ஆண்டில் 2,29,443 நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் கைவிட்டுவிட்டன என்று தலைப்புச் செய்தியே போடலாம். நடந்தது அதுவல்ல. 2023 கணக்கெடுப்புக்குச் சீனாவின் தரவில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. சான்றிதழ்கள் சுவரில் மாட்டியபடியே இருந்தன, பட்டியலில் மட்டும் இல்லை. 2018-இன் 15% சரிவிலும் கணக்கிடும் முறைக்குப் பங்கு உண்டு. ஒரு சான்றிதழின் கீழ் பல கிளைகள் இருந்தால் சான்றிதழைத் தனியாகவும் கிளைகளைத் தனியாகவும் எண்ணும் வழக்கம் அந்த ஆண்டுதான் வந்தது. 2004-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 2015 பதிப்புக்கு மாறுவதற்கான கெடு முடிந்ததும் அதே 2018-இன் செப்டம்பரில்தான்.

எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும், அதை வைத்து ஒரு ஆற்றின் நிலையைப் பற்றியோ ஒரு ஊரின் காற்றைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது. கணக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. ஆனாலும் கருத்தரங்க மேடையில் முதலில் காட்டப்படுவது இந்த எண்தான்.

இரண்டாம் கணக்கு: சான்றிதழுக்கு மேலே எத்தனை அடுக்கு

சான்றிதழ் தருபவரை நம்புவது எப்படி என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் அங்கீகார முறை. அது நான்கு அடுக்கு. கீழே தொழிற்சாலை. அதற்குச் சான்று தருவது சான்றளிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது அங்கீகார வாரியம். வாரியங்களை ஒன்றையொன்று சோதிக்க வைத்துவந்தது 1993-இல் உருவான சர்வதேச அங்கீகார மன்றம், சுருக்கமாக ஐஏஎஃப்; 2026-இல் அது வேறோர் அமைப்போடு ஒன்றானது.

இந்தியாவில் அந்த வாரியம், சான்றளிப்பு நிறுவனங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம், சுருக்கமாக என்ஏபிசிபி. மத்திய அரசும் தொழில் கூட்டமைப்புகளும் சேர்ந்து அமைத்த இந்தியத் தர மன்றத்தின் கீழ் இது இயங்குகிறது. ஐஏஎஃப்-இன் பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தில் தர மேலாண்மைக்காக 2002-இலும், சுற்றுச்சூழல் மேலாண்மைக்காக 2007-இலும் என்ஏபிசிபி கையெழுத்திட்டது. இந்த ஒப்பந்தம் இருப்பதால்தான் வாணியம்பாடியில் பெற்ற சான்றிதழை ஹாம்பர்க்கில் உள்ள வாங்குநர் மறுபடி தணிக்கை கேட்காமல் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. வாரியங்களை ஒத்த வாரியங்கள் சோதிப்பது நான்கு ஆண்டுக்குள் ஒரு முறை. சான்றளிப்பு நிறுவனத்துக்கான அங்கீகாரச் சுற்று அதிகபட்சம் ஐந்து ஆண்டு, இடையில் இரண்டு ஆண்டுக்குள் ஒரு முறையாவது நேரடிச் சோதனை. தொழிற்சாலைக்குச் சான்றிதழ் மூன்று ஆண்டு, நடுவே ஆண்டுக்கு ஒரு கண்காணிப்புத் தணிக்கை. தணிக்கையாளர் வேலை செய்யும்போது வாரியத்தின் ஆள் கூடவே போய்ப் பார்க்கும் சாட்சித் தணிக்கையும் உண்டு. ஆனால் அது சான்றளிப்பு நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களில் ஒரு சிலரிடம் மட்டுமே நடக்கும்.

இந்த அடுக்குக்கு வெளியேயும் சான்றிதழ் அச்சாகிறது. அங்கீகாரம் இல்லாத நிறுவனம் 14001 என்று போட்டுத் தாள் தருவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ‘ஐஎஸ்ஓ வாங்கித் தருகிறோம்’ என்று வரும் குறுஞ்செய்திகளில் வாங்கும் பொருள் பெரும்பாலும் இந்த வகைதான். சரிபார்க்க வழி உண்டு. சான்றிதழின் ஓரத்தில் அங்கீகார வாரியத்தின் முத்திரையும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். ஐஏஎஃப் தொடங்கிய செர்ட்சர்ச் தரவுத்தளத்தில் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். சான்றளிப்பு நிறுவனங்கள் தங்கள் தரவை அதில் ஏற்றியே ஆக வேண்டும் என்ற விதி, ஐஏஎஃப்-இன் கட்டாய ஆவணமான எம்டி 28, 2023-இல்தான் வந்தது. 14001 பிறந்து இருபத்தேழு ஆண்டு கழித்துத்தான் ஒரு பொதுப் பட்டியல் கட்டாயமாயிற்று.

மூன்றாம் கணக்கு: எத்தனை நாள்

ஐஏஎஃப் வெளியிட்ட எம்டி 5 ஆவணத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. வேலை செய்வோர் எண்ணிக்கையையும் தொழிலின் சிக்கலையும் வைத்து, முதல் தணிக்கைக்கு எத்தனை நாள் தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு நாள் என்பது பொதுவாக ஒரு தணிக்கையாளரின் எட்டு மணி நேர வேலை. அட்டவணையில் சிக்கல் நான்கு வகை: உயர், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. சில வரிகள்:

5 பேர் வரை: 3, 2.5, 2.5, 2.5 நாள்
26 முதல் 45 பேர்: 7, 5.5, 4, 3 நாள்
46 முதல் 65 பேர்: 8, 6, 4.5, 3.5 நாள்
86 முதல் 125 பேர்: 11, 8, 5.5, 4 நாள்
276 முதல் 425 பேர்: 15, 11, 8, 5.5 நாள்
876 முதல் 1,175 பேர்: 19, 15, 11, 7 நாள்

ஆண்டுக் கண்காணிப்புக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று ஆண்டு முடிந்து மறுசான்றளிப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. காரணம் காட்டி நாளைக் குறைக்கலாம், ஆனால் 30 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. வீட்டிலிருந்து அறிக்கை எழுதுவது போன்ற வேலைகள் போக, குறைந்தது 80% நேரம் தணிக்கைக்கே செலவாக வேண்டும்.

தோல் பதனிடுதல், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உலோக உருக்கு, நிலக்கரி மின்சாரம், சிமெண்ட் ஆகியவை உயர் சிக்கலில் வருகின்றன. பதனிடுதல் தவிர்த்த ஜவுளித் தொழில் நடுத்தரத்தில் வருகிறது. இங்கேதான் நம் ஊர்க் கணக்கு உதைக்கிறது. சாயப்பட்டறை, சலவைப் பட்டறை போன்ற நனைமுறை ஜவுளி ஆலைகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் சிவப்பு வகை. திருப்பூரில் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் மூடச் சொன்னதும், நொய்யல் பாசன விவசாயிகள் அதற்குமுன் நடத்திய நெடிய வழக்கும் ஊரறிந்தவை. அதே சாயப்பட்டறை நூறு பேருடன் 14001-க்கு வந்தால் அட்டவணைப்படி 8 நாள், அதே அளவு தோல் பதனிடும் ஆலைக்கு, அதாவது டேனரிக்கு, 11 நாள். சான்றளிப்பு நிறுவனம் உள்ளூர் நிலையைக் காட்டிச் சாயப்பட்டறையை மேல் வகைக்கு உயர்த்த விதியில் இடம் உண்டு. ஆனால் நாளைக் கூட்டும் நிறுவனத்தின் விலைப்புள்ளி கூடும், அதனால் ஆர்டர் போட்டியாளரிடம் போய்விடும்.

இனி ஒரு டேனரிக்குள் போவோம். மொத்தம் 110 பேர்: சம்பளப் பட்டியலில் 48 பேர், ஒப்பந்தக்காரர் மூலம் 62 பேர். தோலை ஊறவைக்கும் இடம், சுண்ணாம்புக் குழி, சதை சீவும் இயந்திரம், குரோம் டிரம், சாய டிரம், ஸ்பிரே அறை, கொதிகலன், பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் முன் கழிவுநீரைத் தேக்கும் தொட்டி, கசடு உலர்த்தும் தளம் என்று வேலை பரவியிருக்கிறது. டிரம்மில் ரசாயனம் போடுவதும் கசடு அள்ளுவதும் பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள்.

விதிப்படி ஒப்பந்த ஆட்களும் கணக்கில் வர வேண்டும், ஷிப்ட்டும் வர வேண்டும். 110 பேர் என்றால் 11 நாள். விண்ணப்பத்தில் 48 என்று எழுதினால் 8 நாள். அதற்குமேல் 30% தள்ளுபடியும் கிடைத்தால் 5.6 நாள். அதில் 80% என்றால் ஏறத்தாழ நாலரை நாள். ஆயத்த நிலையைப் பார்க்கும் முதல் கட்டத்துக்கு ஒரு நாள் போனால் மிச்சம் மூன்றரை நாளில் மேற்சொன்ன ஒன்பது இடங்களையும், இரண்டு ஷிப்ட்டையும், சட்டப் பதிவேட்டையும் பார்த்து முடிக்க வேண்டும்.

நாள் குறைந்தால் என்ன போகும் என்பதற்கு ஒரு சோதனையை மட்டும் பார்ப்போம். கைதேர்ந்த தணிக்கையாளர் குரோம் உப்பின் கொள்முதல் ரசீதுகளை எடுத்து, அந்த மாதம் டிரம்மில் ஏறிய தோலின் எடையால் வகுத்துப் பார்ப்பார். பிறகு குரோம் மீட்புப் பதிவேட்டில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்ப்பார். கசடு ஏற்றிப் போன லாரிக்கு அபாயக் கழிவு விதிகளின் படிவம் 10 நகல் எத்தனை இருக்கிறது, அதன் எடை உற்பத்தியோடு பொருந்துகிறதா என்று கேட்பார். ஆழ்குழாய்க் கிணற்றின் நீர்மானி அளவை மோட்டாரின் மின்கட்டணத்தோடு ஒப்பிடுவார். நான்கு பதிவும் ஒத்துப்போனால் முறைமை நடக்கிறது. ஒன்று இடித்தால் அங்கிருந்துதான் உண்மையான தணிக்கை தொடங்கும். இதற்குக் குறைந்தது அரை நாள் தேவை. 5.6 நாள் அட்டவணையில் முதலில் அடிபடுவது இந்த அரை நாள்தான். தணிக்கை அப்போது கொள்கை அறிக்கை மாட்டியிருக்கிறதா, பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்ற அளவில் நின்றுவிடும்.

நான்காம் கணக்கு: எத்தனை ரூபாய்

சான்றளிப்புக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக ஒரு தணிக்கை நாளுக்கு ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். மேற்படி டேனரிக்கு மூன்று ஆண்டுச் சுற்று, அதாவது முதல் தணிக்கையும் இரண்டு கண்காணிப்பும் சேர்த்து:

110 பேர், முழு நாள்: 11 + 3.67 + 3.67 = 18.33 நாள், ரூ.2,20,000
48 பேர் என்று காட்டினால்: 8 + 2.67 + 2.67 = 13.33 நாள், ரூ.1,60,000
48 பேரும் 30% குறைப்பும்: 5.6 + 1.87 + 1.87 = 9.33 நாள், ரூ.1,12,000

முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் வித்தியாசம் ஒன்பது நாள், ரூ.1,08,000. இரண்டு வழியிலும் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றே. அதில் தணிக்கை நாள் அச்சாவதில்லை. வாங்குநருக்கும் தெரியாது, பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கும் தெரியாது.

அரசு உதவியின் கணக்கும் இதில் சேரும். சிறு தொழில்களுக்கு ஐஎஸ்ஓ சான்றிதழ்ச் செலவில் 75 விழுக்காட்டை, அதிகபட்சம் ரூ.75,000 வரை, ஒரு முறை திருப்பித் தரும் திட்டத்தை மத்திய அரசு பல ஆண்டுகள் நடத்தியது. 75%-க்கு ரூ.75,000 உச்சம் என்றால், செலவு ஒரு லட்சத்தைத் தாண்டாது என்ற அனுமானம் அதற்குள்ளேயே இருக்கிறது. நம் டேனரி முழு நாளுக்கு முதல் ஆண்டு ரூ.1,32,000 செலவழித்தால் கைப்பணம் ரூ.57,000. குறைத்துக் காட்டி ரூ.67,200 செலவழித்தால் ரூ.50,400 திரும்ப வந்து கைப்பணம் ரூ.16,800. ஒழுங்காகச் செய்பவர் ரூ.40,200 கூடுதலாகத் தர வேண்டியிருந்திருக்கும்.

மிகச் சிறு பட்டறைகளின் நிலை வேறு. ஐந்து பேர் வேலை செய்யும் உயர் சிக்கல் பட்டறைக்கு 3 + 1 + 1 = 5 நாள், ரூ.60,000. மத்திய அரசின் ‘குறையற்ற, மாசற்ற உற்பத்தி’ (ஜெட்) திட்டத்தில் வெண்கலச் சான்றுக்குக் கட்டணம் ரூ.10,000, குறுந்தொழிலுக்கு 80% மானியம் போகக் கையிலிருந்து ரூ.2,000. ஜெட் சான்று 14001-க்கு ஈடாகாது. ஆனாலும் ரூ.2,000-க்கும் ரூ.60,000-க்கும் இடையே குறுந்தொழில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களுக்குக் கணக்கு தலைகீழ். ஒரே முறைமையின் கீழ் பல கிளைகள் இருந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. அடிப்படைச் சூத்திரம் கிளை எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 கிளை என்றால் முதல் ஆண்டு 10, கண்காணிப்புக்கு அதில் 0.6 பங்கு, அதாவது 6. மூன்று ஆண்டில் அதிகபட்சம் 22 கிளைகள். அபாயம் கூடிய தொழிலில் மாதிரியைக் கூட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. கூட்டாவிட்டால் 78 கிளைகளைத் தணிக்கையாளர் எட்டிப் பார்க்காமலே ஒரு சுற்று முடிந்துவிடும். 2022-இன் 5,29,853 சான்றிதழ்களுக்கும் அவற்றின் கீழிருந்த 7,44,428 இடங்களுக்கும் உள்ள இடைவெளியில் இந்த வகை நிறுவனங்கள்தான் இருக்கின்றன.

சான்றிதழில் இல்லாத எண்

தமிழ்நாட்டில் தோல் கழிவுநீரில் மொத்தக் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமுக்குள். 14001 தரநிலையில் இந்த மாதிரி எண் ஒன்றுகூடக் கிடையாது. சட்டத்தை மதிப்பேன் என்று உறுதி கூறு, உன் தாக்கங்களைப் பட்டியலிடு, இலக்கு வை, அளந்து பார், திருத்து என்றுதான் அது சொல்கிறது. அந்த எண்ணை எட்ட வைப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையின் வேலை. எட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறதா என்று பார்ப்பது சான்றளிப்பின் வேலை. சான்றிதழைச் சட்ட இணக்கச் சீட்டாக எடுத்துக்கொள்வது தவறு.

இந்த இடைவெளியின் விலையைத் தூத்துக்குடி காட்டியது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை தன்னிடம் 14001 சான்று இருப்பதாகத் தன் அறிக்கைகளில் சொல்லிவந்தது. 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம், 1997 முதல் 2012 வரை சூழலைக் கெடுத்ததற்காகவும், செல்லுபடியாகும் இசைவாணை இல்லாமல் நீண்ட காலம் இயங்கியதற்காகவும் அந்த ஆலைக்கு ரூ.100 கோடி இழப்பீடு விதித்தது. 2018 மே மாதம் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பின் ஆலை மூடப்பட்டது. மூடியது சரியே என்று 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் சொன்னது.

ஆயிரம் பேர் வேலை செய்யும் உருக்காலைக்கு அட்டவணை தரும் முதல் தணிக்கை 19 நாள். ரூ.12,000 வீதம் ரூ.2,28,000. ரூ.100 கோடியை அதே வீதத்தில் வகுத்தால் 83,333 தணிக்கை நாள். இசைவாணை செல்லுபடியாகிறதா என்று பார்க்க இத்தனை நாள் வேண்டாம், கோப்பைத் திறந்து தேதியைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதைப் படித்த தணிக்கையாளருக்குச் சான்றை நிறுத்தி வைக்கும் துணிவும், நிறுத்தியதற்காக அவர் வாடிக்கையாளரை இழக்காத ஏற்பாடும் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் 1993-இல் சட்டமாக்கிய ஈமாஸ் முறை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதில் சட்ட இணக்கத்தையும் சரிபார்ப்பவர் பார்க்க வேண்டும், நிறுவனம் தன் நீர், ஆற்றல், கழிவு எண்களை அறிக்கையாக வெளியிட வேண்டும், அந்த அறிக்கையையும் சரிபார்ப்பவர் உறுதிசெய்ய வேண்டும். கடுமையான முறைதான், அதனால் சேர்ந்தோர் ஏறத்தாழ 4,000 நிறுவனங்கள் மட்டுமே. பல லட்சத்துக்கு எதிரே நாலாயிரம்.

பணம் யார் கையிலிருந்து

தணிக்கையாளருக்குத் தொழிற்சாலையே பணம் தருகிறது என்பதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு விடை குஜராத்தில் கிடைத்தது. 1996-இன் அந்தக் கட்டாயத் தணிக்கைத் திட்டத்தில் தொழிற்சாலையே தன் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துப் பணமும் தந்துவந்தது. எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆய்வு 2013-இல் வெளியானது.

பழைய முறையில் தணிக்கையாளர்கள் தந்த அறிக்கையின்படி புகைத்துகள் வரம்பை மீறிய ஆலைகள் 7%. தனிக்குழு போய் அளந்தபோது மீறியவை 59%. பல அறிக்கைகளில் அளவு வரம்புக்குச் சற்றே கீழே வந்து நின்றிருந்தது.

சோதனைக்குத் தேர்ந்த ஆலைகளில் மூன்று மாற்றங்கள். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். கட்டணத்தை நிலையாக வைத்துப் பொது நிதியிலிருந்து தந்தார்கள். சில அளவீடுகளை வேறொருவர் போய் மறுபடி அளந்தார், பின்னர் அந்த மறு அளவீட்டோடு ஒத்துப்போவதைப் பொறுத்துச் சன்மானமும் தரப்பட்டது. பொய்யாக ‘வரம்புக்குள்’ என்று எழுதுவது 80% குறைந்தது. தணிக்கை உண்மையானதும் ஆலைகளின் மாசும் குறைந்தது.

14001 அங்கீகார முறையில் இந்த மூன்றில் எது இருக்கிறது? குலுக்கல் இல்லை, பொது நிதி இல்லை. மறு அளவீட்டுக்குப் பக்கத்தில் வருவது சாட்சித் தணிக்கை ஒன்றுதான், அதற்கும் தணிக்கையாளருக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். ஆலோசனை சொன்ன இடத்தில் இரண்டு ஆண்டுக்குத் தணிக்கை செய்யக் கூடாது, சான்றளிப்பு நிறுவனம் ஆலோசனைத் தொழிலே நடத்தக் கூடாது என்ற நல்ல விதிகள் சான்றளிப்பு நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓ 17021 தரநிலையில் உள்ளன. ஆனால் பில் போகும் முகவரி மாறவில்லை.

வரும் ஆண்டுகளின் கணக்கு

2026 இந்தத் துறைக்கு ஒரே நேரத்தில் பல கதவுகளைத் திறக்கிறது. ஐஏஎஃப்பும் ஆய்வகங்களுக்கான ஐலாக் அமைப்பும் ஒன்றாகி, ஜனவரி 1 முதல் குளோபல் அக்ரெடிட்டேஷன் கோஆப்பரேஷன் என்ற ஒரே அமைப்பாயின. 14001-இன் நான்காம் பதிப்புக்குக் குறித்த ஆண்டும் இதுவே. பருவநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற திருத்தம் 2024-இலேயே சேர்ந்துவிட்டது. சென்ற முறை பதிப்பு மாறியபோது தந்த அவகாசம் மூன்று ஆண்டு.

போட்டியும் அதே வேகத்தில் வருகிறது. ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி ஜனவரி 1, 2026 முதல் முழு நடைமுறைக்கு வந்தது. உருக்கு, அலுமினியம், சிமெண்ட் ஏற்றுமதியாளரிடம் அது கேட்பது டன்னுக்கு எவ்வளவு கார்பன் உமிழ்வு என்ற எண்ணை, அதுவும் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் ஒப்பமிட்ட எண்ணை. தோல் துறையில் 2005-இல் தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப், பதனிடும் ஆலையின் நீர், ஆற்றல் செலவைத் தோலின் அளவுக்கு ஏற்ப அளந்து பதக்கம் தருகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதியாளரிடம் பெரிய காலணி நிறுவனங்கள் இன்று முதலில் கேட்பது இந்தப் பதக்கத்தைத்தான். முறைமை இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு மதிப்புக் குறைகிறது, அளந்த எண்ணுக்கு மதிப்பு ஏறுகிறது.

உள்நாட்டில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 29 அன்று சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை அறிவித்தது. பதிவுபெற்ற தனியார் தணிக்கையாளர்கள் சட்ட இணக்கத்தைச் சோதிப்பார்கள், எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். குஜராத் சோதனையின் முதல் பாடம் அரசு விதிகளுக்குள் வந்துவிட்டது. 14001 அங்கீகாரம் அதற்குப் பின்னால் நிற்கிறது.

இந்த நிலையில் அங்கீகார அமைப்புகள் செய்யக்கூடிய மலிவான சீர்திருத்தம் ஒன்று உண்டு: செர்ட்சர்ச் பதிவில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஐந்து எண்களைச் சேர்ப்பது.

1. கணக்கிட்ட ஆட்கள் எத்தனை, அதில் ஒப்பந்த ஆட்கள் எத்தனை.
2. அட்டவணை தந்த நாள் எத்தனை, உண்மையில் செலவிட்ட நாள் எத்தனை, குறைத்திருந்தால் எத்தனை விழுக்காடு.
3. மொத்தக் கிளைகள் எத்தனை, நேரில் பார்த்தவை எத்தனை.
4. இந்தச் சுற்றில் பதிவான பெரிய குறைபாடுகள் எத்தனை, சான்று நிறுத்தப்பட்டது எத்தனை முறை.
5. சட்ட அனுமதிகள் எந்தத் தேதி வரை செல்லும்.

இவை அனைத்தும் சான்றளிப்பு நிறுவனத்தின் கோப்பில் இன்றே இருக்கின்றன. எம்டி 5 கேட்கிறது என்பதால் நாள் கணக்கை அவர்கள் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இவற்றில் தொழில் ரகசியம் எதுவும் இல்லை. வெளியானால் 110 பேரை 48 என்று காட்டும் டேனரியை அதே தெருவில் இருக்கும் போட்டி டேனரியே கண்டுபிடித்துவிடும். எந்தச் சான்றளிப்பு நிறுவனம் வழக்கமாக 30% குறைக்கிறது என்பதை வாங்குநர் ஒரே மாலையில் வகுத்துப் பார்த்துவிடுவார். பதினெட்டு நாள் தணிக்கைக்கு ரூ.2,20,000 தரும் உரிமையாளருக்கும், ஒன்பது நாளுக்கு ரூ.1,12,000 தருபவருக்கும் உள்ள வித்தியாசம் முதன்முறையாகச் சந்தையில் தெரியும். இன்று அந்த வித்தியாசத்தின் முழுச் செலவும் நேர்மையானவர் தலையில்தான் விழுகிறது.

தரவுத்தளத்தில் ஐந்து கட்டங்கள் கூடும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆர்டர் தரும் நிறுவனமும், மானியம் தரும் அரசுத் துறையும், கடன் தரும் வங்கியும் சான்றிதழ் நகலோடு தணிக்கைத் திட்டத்தின் நகலையும் இணைக்கச் சொல்லலாம். அதில் ஆட்கள் எண்ணிக்கையும் நாட்களும் இருக்கும், அட்டவணையோடு ஒப்பிடப் பத்து நிமிடம் போதும். முதலில் அந்த நாள் கணக்கைக் கேட்கட்டும், சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.